பெயர் எழுதாத சீட்டு

செங்கல்பட்டு சந்திப்பில் இறங்கும்போதே எனக்குத் தலைவலி. மதுரையிலிருந்து வந்த ரயிலில் எதிர் இருக்கைக்காரர் தன் மருமகனைப் பற்றி யாரிடமோ போனில் திட்டிக்கொண்டே வந்தார். என் கையில் ஒரு துணிப்பை, தோளில் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று. வீட்டுப் படம் வரைகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நடைமேடையில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்து, "உள்ள இன்னாம்மா, சாமி படமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்தது கர்ப்பப்பையின் படம்.

பத்தொன்பது வருடமாக எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகர் வேலை பார்க்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசுவது, முடிவு வந்ததும் அதைச் சொல்வது, சொன்ன பிறகு அவர்கள் எழுந்து போகும்வரை கூடவே உட்கார்ந்திருப்பது. கூச்சம் போன பிறகுதான் இந்த வேலையே வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட நானே ஒரு கீரைக்காரம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பயணத்தை ஆரம்பித்தேன்.

மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைப் பள்ளிகள் மூன்றில் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றியும், வயதுக்கு வருவதைப் பற்றியும், எச்.ஐ.வி. வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் பேச வேண்டும். நான்கு நாள் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டிருந்தது. அவர்களுடைய களப்பணியாளர் சல்மா ஸ்டேஷன் வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். கறுப்புப் புர்கா, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. அவள் அப்பாவுக்கு மார்க்கெட்டில் பாத்திரக்கடை.

"வாங்கக்கா. மொதல்ல நாஸ்தா. பசியோட இந்த வேலய செய்ய முடியாது, பேஜாரா பூடும்" என்றாள்.

இட்லிக்கு வடகறி வந்தது. எங்கள் ஊரில் இட்லியைச் சுற்றி நான்கு சட்னி காவல் நிற்கும். இங்கே பட்டை, சோம்பு வாசனையோடு ஒரு குழைந்த கறி. முதல் வாயில் சந்தேகப்பட்டேன். மூன்றாவது இட்லிக்குள் சமாதானமாகிவிட்டேன். அந்த நான்கு நாளில் நான் முழுதாகச் சமாதானமான ஒரே விஷயம் அந்த வடகறிதான்.

பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. "வண்டி போவாது, எறங்குங்க எறங்குங்க" என்று நடத்துநர் கதவைத் தட்டினார். வெயிலில் அரை மணி நேரம் நின்று, ஒரு ஷேர் ஆட்டோவில் பதினொரு பேராகத் திணித்துக்கொண்டு கிளம்பினோம். என் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த வெள்ளை வேட்டிப் பெரியவர், "குடும்மா, நான் புட்சிக்கிறேன்" என்று அன்பாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வேகத்தடையில் ஆட்டோ குதித்தது. மூடி கழன்றது. படங்கள் வழுக்கி வந்து அவர் மடியில் பாதி விரிந்தன. ஆண் உறுப்பு, பெண் உறுப்பு, குறுக்குவெட்டுத் தோற்றம், அம்புக்குறி போட்டு.

பெரியவர் சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல அவற்றை என் பக்கம் தள்ளினார். ஒரு கல்லூரிப் பெண் துப்பட்டாவுக்குள் சிரித்தாள். மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வயலைப் பார்த்தார்கள். அந்தப் படங்களில் இருந்ததில் ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் இருந்தது. ஆனாலும் நான் ஏதோ கள்ளச் சரக்கு கடத்துகிறவள் மாதிரி படங்களைச் சுருட்டினேன்.

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் பள்ளி. தலைமையாசிரியர் ஐம்பது வயதுக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா, மிருதுவான குரல். எழுந்து நின்று வணங்கினார். டீ வரவழைத்தார்.

"ரொம்ப நல்ல விஷயம் மேடம். காலத்துக்குத் தேவையான விஷயம். ஒரு சின்ன ரிக்வெஸ்ட் மட்டும்."

ஒரு தாளை நகர்த்தினார். நான் சொல்லக் கூடாத வார்த்தைகளை அவர் கைப்பட எழுதி வைத்திருந்தார். ஆணுறை. உடலுறவு. விந்து. எண்கூட போட்டிருந்தார்.

"எய்ட்ஸைப் பத்திப் பேசத்தானே சார் வந்திருக்கேன்?" என்றேன்.

"தாராளமா பேசுங்க. எய்ட்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க. அது எப்படி வருதுன்னு மட்டும் வேணாம்."

"எப்படி வருதுன்னு சொல்லாம, வராம இருக்க என்ன செய்யணும்னு எப்படி சார் சொல்றது?"

"ஒழுக்கமா இருந்தா வராதுன்னு சொல்லுங்க. அது போதும்."

ஒழுக்கமாக இருந்து, கழுத்தில் தாலி கட்டியவனிடமிருந்தே அதை வாங்கிக்கொண்டு, கையில் குழந்தையோடு என் எதிரே வந்து உட்கார்ந்த பெண்களை எனக்குத் தெரியும். 'நான் எந்தத் தப்பும் பண்ணலையே' என்று அவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு இந்தப் பத்தொன்பது வருடத்தில் எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்தேன்.

ஆண் பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது என்றார். அந்த நேரத்தில் அவர்களுக்கு விளையாட்டுப் பீரியடாம். "பசங்களுக்குச் சொன்னா வீணா ஆசையைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்." வெளியே அவர்கள் கால்பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கையில் இருக்கும் போன் அவர்களுக்கு என்ன பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று இவருக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேர் இருந்தார்கள். பின் பெஞ்சில் ஒரு ஆசிரியை கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்தார். நான் முதல் படத்தை விரித்ததும் அவர் எழுந்து, "நான் தண்ணி குடிச்சிட்டு வரேன் மேடம். வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

தாளில் இருந்த எல்லா வார்த்தைகளையும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாடப் புத்தகத்தில் அந்தப் பாடத்தின் பக்கங்களை மொத்தமாக ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருந்ததை ஒரு பெண் காட்டினாள். "நாங்க பின்ன கழட்டிப் படிச்சிட்டு மறுபடியும் அடிச்சி வெச்சிட்டோம் மிஸ்" என்றாள் பக்கத்துப் பெண். பின் அடித்தவர்களைவிட இந்தப் பிள்ளைகள் எவ்வளவோ தேவலை.

கடைசியில் கேள்விப் பெட்டி. காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் ஒரு கீறல் போட்டு, சுற்றி டேப் ஒட்டியிருப்பேன். பெயர் எழுத வேண்டாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், நாளைக்குப் பதில் சொல்வேன். "உங்க கையெழுத்து என்னைத் தவிர யார் கண்ணுலயும் படாது. படிச்சதும் கிழிச்சுப் போட்டுருவேன்" என்று வாக்குக் கொடுத்தேன். நாற்பது பெண்களும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பேருந்து வரும் நேரம். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்றிருந்தார். "நாளைக்குத்தானே திறப்பீங்க? அட்டைப்பெட்டி, நனைஞ்சிடும். என் பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன்" என்றார். சல்மா என் கையைக் கிள்ளினாள். எனக்குப் பசி, களைப்பு. மறுபடியும் அவரோடு முகம் கொடுத்துப் பேசத் தெம்பில்லை.

பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் யார் யார்மேல் கோபப்பட்டாலும், அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

மறுநாள் காலை மாமல்லபுரத்தில் விடுதிக்குப் பக்கத்திலேயே கல் செதுக்கும் பட்டறை. ஆறு மணிக்கே மெஷின் அறுக்கும் சத்தம். வெள்ளைக்காரத் தம்பதியர் நின்று ஒரு சிலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாடை இல்லாத கல் பெண். பக்கத்தில் பள்ளிக்கூட வேனுக்காக நின்றிருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தன் மகளின் துப்பட்டாவை இழுத்துச் சரி செய்தார். கோபம் வருமுன் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்குப் போனால் வகுப்புக்குப் போக விடவில்லை. நேரே தலைமையாசிரியர் அறை. மேஜைமேல் என் பெட்டி, டேப் அறுக்கப்பட்டு. சீட்டுகள் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டாக இருந்தன. ஒரே ஒரு சீட்டு மட்டும் தனியாக. அதன் பக்கத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் தமிழ் நோட்டுகள், முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மூன்று நோட்டுகள் திறந்து கிடந்தன.

அந்தச் சீட்டில் நீல ஜெல் பேனாவால் இப்படி எழுதியிருந்தது: 'நான் பிறந்ததிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். யாருக்கும் தெரியாது. நான் கல்யாணம் பண்ணிக்கலாமா?'

"எங்க ஸ்கூல்ல, மேடம்" என்றார். குரல் அப்போதும் மிருதுவாகத்தான் இருந்தது. "இத்தனை வருஷமா மத்த பிள்ளைங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கு. ஒரே குழாயில தண்ணி குடிச்சிருக்கு. நீங்க வந்ததுல ஒரு நன்மை, இது வெளிய வந்துச்சு. ராத்திரி நானும் தமிழய்யாவும் உக்காந்து பார்த்ததுல மூணு பேர் கையெழுத்து ஒத்துப்போகுது. மூணு பேரோட அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன்."

எழுதிய அந்தப் பெண்ணை நினைத்தேன். நான் கொடுத்த வாக்கை நம்பிக் கையால் மறைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை ஒரு அட்டைப்பெட்டியிடம் கேட்டிருக்கிறாள்.

"கூட உக்காந்து சாப்பிட்டா வராது சார். தண்ணி குடிச்சா வராது. நேத்து நீங்க எப்படி வருதுன்னு சொல்ல வேணாம்னு சொன்னீங்க. சொல்லியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றேன். "ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்றது சட்டப்படி குற்றம். அதுக்காகப் படிப்பை நிறுத்துறதும் குற்றம்."

"நான் எங்க நிறுத்தினேன்? விசாரிக்கிறேன். மத்த பேரன்ட்ஸுக்கு நான் பதில் சொல்லணும்."

அப்போது டீ வந்தது. விருந்தாளிக்கு டீ கொடுக்காமல் அவர் யாரையும் அவமானப்படுத்துவதில்லை. சல்மா எழுந்து தன் டம்ளரை எடுத்தாள். இன்னொரு கையால் அந்தச் சீட்டை எடுத்தாள். எடுத்து டீக்குள் போட்டு, விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நீல மை பாலாடையோடு சேர்ந்து கலங்கியது.

"கை தவறிச்சி சார்" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. நான் அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டை என் பைக்குள் போட்டுவிட்டேன். "போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் கண் தன் போன் பக்கம் போனது. "சார், நான் இங்கிருந்து நேரா கலெக்டர் ஆபீஸ் போவேன். செங்கல்பட்டுதான், ரொம்ப தூரமில்லை." அவர் என்னையே பார்த்தார். பிறகு போனை எடுத்து என் கண் முன்னால் அந்தப் படத்தை அழித்தார். நீக்கியவை தங்கும் இடத்திலிருந்தும் அழிக்கச் சொன்னேன். அதையும் செய்தார். கேட்காமலே போனை என்னிடம் நீட்டிக் காட்டினார். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி. அவர் பயந்தவர். பயந்தவர்கள் கையில் பூட்டும் சாவியும் இருப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆனால் மூன்று பேரை வரச் சொன்னதை எந்த போனிலிருந்து அழிப்பது?

வாசலில் மூன்று அம்மாக்களும் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் ஒன்றும் புரியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவள் மீன் விற்கப் போகிற வழியில் வந்தவள். காலடியில் அலுமினிய அன்னக்கூடை, அதன் மேல் ஈரச்சாக்கு. பெயர் கன்னியம்மா.

"இன்னாம்மா நடக்குது? கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு கெட்ட நோவு கீதாம், எம்பொண்ணா இருக்குமோன்னு பாக்கணுமாம். போன்ல சொல்றாரு. இன்னா பேச்சு இது?"

"உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அவர் விசாரணை முடிஞ்சுபோச்சு. நீங்க பிள்ளையைக் கிளாஸ்லயே விட்டுட்டுப் போங்க" என்றேன். அதற்குமேல் எது சொன்னாலும் யாரையாவது காட்டிக்கொடுத்ததாகிவிடும். சல்மா தன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கன்னியம்மாவிடம் கொடுத்தாள்.

காவலாளி எங்களை கேட் வரை கொண்டுவந்து விட்டார். வகுப்பு ஜன்னலில் முகங்கள் தெரிந்தன. இன்றைக்குப் பதில் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு போன் வந்தன. மற்ற இரண்டு பள்ளிகளும் வர வேண்டாம் என்றன. ஒன்றில் திடீரென்று ஆய்வாம். இன்னொன்றில் திடீரென்று தேர்வாம். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது என்று சல்மா சொன்னாள்.

வேலை இல்லாமல் மாமல்லபுரத்தில் சுற்றினேன். தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் இருபது வயதுப் பையன் ஒருவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, கடைக்காரரிடம் மிகவும் சின்னக் குரலில் ஏதோ கேட்டான். "இன்னா வேணும்? சத்தமா சொல்லு" என்றார் கடைக்காரர். அவன் என்னைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல அண்ணாத்த" என்று சொல்லிவிட்டுப் போய் பைக்கை எடுத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் முகப்பூச்சுக்குப் பின்னால் ஆணுறைப் பொட்டலங்கள் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தன. அவன் நல்லதைச் செய்ய வந்தவன். பொறுப்பாக இருக்க வந்தவனை விரட்டிவிட்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிற ஊர்தான் எல்லா ஊரும். மதுரையிலும் இதே கண்ணாடிப் பெட்டி, இதே முகப்பூச்சு. ஊரைக் குறை சொல்லிக் கிளம்பினால் என் வீட்டு வாசலில்தான் வந்து முடியும். என் மகளுக்கு வயது இருபத்தி நான்கு. ஊருக்கெல்லாம் படம் விரித்த நான் அவளிடம் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை. 'அவளுக்கே தெரியும்' என்று விட்டுவிட்டேன்.

கடற்கரையில் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் தடவிய சங்கரா மீன் வறுத்துத் தந்தார்கள். நல்ல காரம். சல்மா முள்ளை எடுத்துக்கொண்டே, "எங்க மாமியார் வூட்ல நான் சொட்டு மருந்து குடுக்கற வேல செய்யறேன்னு நெனச்சிகினு கீறாங்க" என்றாள்.

"நீ சொல்லலையா?"

"சொன்னா வேலய வுட சொல்வாங்க. வுட்டா நேத்து டீயில சீட்ட யாரு போடறது?"

அதற்குள் அவள் போன் அடித்தது. கன்னியம்மா. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் காற்றும் பெண்களின் சத்தமும்.

"இந்தாம்மா, நீங்க ஊருக்குப் போய்ட்டீங்களா? மூணு பொண்ணுங்க பேரும் நாறிகினு கீது இங்க. தெருக்குழாயில எம்பொண்ணு கொடத்த வெச்சா, அடுத்தவ தன் கொடத்த எடுத்துகினு போறா. டீக்கடையில ஒரு பொண்ணுக்கு பேப்பர் கப்புல குடுத்துருக்கான். யாருக்கு கீது, யாருக்கு இல்ல, எனக்குத் தெரிய வேணாம். நாளைக்கு வந்து எங்க பொம்பளைங்களுக்கு சொல்லிட்டுப் போங்க. இஸ்கூல்ல சொல்ல வுடலன்னா இன்னா, எங்க குப்பத்துல எவன் தடுப்பான், பாக்கறேன்."

ஒரு நாளுக்குள் அது குழாயடி வரை போய்விட்டது. விசாரணை மட்டும்தான், நிறுத்தவில்லை என்று சொன்ன அந்த மிருதுவான குரல் எனக்கு மறுபடியும் கேட்டது.

நான்காம் நாள் அந்தக் குப்பத்துக்கு நடந்துதான் போனோம். ஆட்டோக்காரர் மணலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வலை வைக்கிற கொட்டகை, தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. ஒரு பக்கம் மட்டும் சுவர், அதில் படங்களை மாட்டக் கன்னியம்மா ஆணி அடித்து வைத்திருந்தாள். ஐம்பது பெண்களுக்கு மேல் வந்திருந்தார்கள், தாய்களும் மகள்களும். முதல் நாள் வகுப்பில் பார்த்த முகங்கள் நிறைய இருந்தன. ஓரமாக ஆண்கள் சிலர் படகுக்குப் பக்கத்தில் நின்று கேட்காத மாதிரி கேட்டார்கள். போகச் சொல்லவில்லை. அவர்களும் கேட்க வேண்டியதுதான்.

பேச ஆரம்பிக்கும் முன் கன்னியம்மா சோறு போட்டாள். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் நெத்திலிக் குழம்பு, மாங்காய் போட்டது. பரிமாறியது பேர் அடிபட்ட அந்த மூன்று பெண்கள். ஒருத்தி சோறு, ஒருத்தி குழம்பு, ஒருத்தி தண்ணீர்.

"துன்றவங்க துன்னுங்க. வேணான்றவங்க இப்பவே எழுந்து போய்டுங்க. பாதியில எழுந்தா எனக்குப் பேஜாராயிடும்" என்றாள் கன்னியம்மா.

கொஞ்ச நேரம் யாரும் கை வைக்கவில்லை. இரண்டு பெண்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சிலர் பயந்துகொண்டேதான் சாப்பிட்டார்கள், அது தெரிந்தது. போன இருவரில் ஒருத்தி, நான் பாதி பேசும்போது திரும்பி வந்து கம்பத்தோரம் நின்றாள். குழம்பு ஊற்றிய பெண் ஒவ்வொரு தட்டிலும் முதல் வாய் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, ஆத்திரத்தில். நல்ல குழம்பு.

பிறகு சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எச்.ஐ.வி. நான்கு வழியில்தான் வரும். ஆணுறை இல்லாத உடலுறவு. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. சோதிக்காத ரத்தம். சிகிச்சை எடுக்காத அம்மாவிடமிருந்து குழந்தைக்கு. குடத்தில் வராது. டம்ளரில் வராது. கொசுவில் வராது. தொட்டால், கட்டிப்பிடித்தால், கூடப் படுத்துத் தூங்கினால் வராது. மரத்தில் செதுக்கிய மாதிரி உருவில் ஆணுறையை எப்படிப் போடுவது என்று சல்மா காட்டினாள். ஒரு வயதான பெண், "எங்க காலத்துல இதெல்லாம் யாரும்மா சொன்னா" என்றார். சிரிப்பு வந்தது. சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எம்புருசன் கடலுக்குப் போறேன்னு கேரளா பக்கம் ஆறு மாசம் பூட்றான். நான் எப்படி அவனாண்ட போய் இத போட்டுக்கன்னு சொல்றது? என்னையே சந்தேகப்படுவான்" என்றாள் ஒருத்தி.

இந்தக் கேள்விக்கு எந்தப் படத்திலும் அம்புக்குறி இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம், வெளியே சொல்ல மாட்டார்கள் என்றேன். "அவன் வரமாட்டான்" என்றாள். "அப்ப நீங்க மட்டுமாவது போங்க." அவள் தலையாட்டினாள். போவாளா என்று தெரியாது.

பையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னேன். முத்தம் கொடுத்தால் வருமா. வராது. வெள்ளைப்படுவது நோயா. எல்லா நேரமும் இல்லை, அரிப்பும் நாற்றமும் இருந்தால் டாக்டரிடம் காட்டு. பீரியட்ஸ் நேரத்தில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடுமா. கெடாது. படித்ததும் கிழித்து, மணலில் குழி தோண்டிப் போட்டேன்.

கட்டு தீர்ந்தது. இன்னும் ஒரு பதில் பாக்கி இருந்தது. அதற்குச் சீட்டு இல்லை.

அந்தப் பெண் அங்கே இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அந்த மூவரில் ஒருத்தியா, கையெழுத்து தப்பிப்போன வேறொருத்தியா, அதுவும் தெரியாது. பதில் சொல்லும்போது ஏதாவது ஒரு முகம் மாறும். நான் அதைப் பார்த்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். நான் பார்க்கிற திசையில் மற்றவர்களும் பார்ப்பார்கள். அதனால் படத்தின் மூலை சுருண்டிருப்பதைச் சரி செய்கிறவள்போல, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். சல்மா புரிந்துகொண்டு பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள்.

"கடைசியா ஒண்ணு. பொறக்கும்போதே எச்.ஐ.வி.யோட பொறந்த பிள்ளைங்க இருக்காங்க. அவங்க எந்தத் தப்பும் பண்ணல. தினம் மாத்திரை சாப்பிட்டா நம்மள மாதிரியே படிக்கலாம், வேலைக்குப் போகலாம், வயசாகலாம். கல்யாண வயசு வந்ததும் கல்யாணம் பண்ணிக்கலாம். கட்டிக்கப் போறவர்கிட்ட உண்மையைச் சொல்லிப் பண்ணிக்கணும். மாத்திரையை விடாம சாப்பிட்டு, ரத்தத்துல கிருமியே தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அது அப்படியே நீடிச்சா, கூட இருக்கறவருக்கு உடலுறவு மூலமா பரவாது. இது நான் ஆறுதலுக்குச் சொல்றதில்ல. டாக்டர்கள் சொல்றது."

சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன் வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல, நான் அவளுக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்து, தோளில் கை வைத்துச் சொல்ல வேண்டியதை ஒரு காரைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய எல்லோர் மேலும், பின் அடித்தவர்கள், பூட்டி வைத்தவர்கள், குடத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள், பெட்டியைக் கொடுத்த நான் உட்பட, எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

பிறகு எனக்குப் பின்னாலிருந்து, கூட்டத்துக்குள் எங்கிருந்தோ, ஒரு குரல்.

"பொறக்கற கொழந்தைக்கு?"

சின்னக் குரல். பிசிறில்லாமல் கேட்டது. என் கழுத்து தானாகத் திரும்பப் போனது. படத்தின் மூலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரையை விடாம சாப்பிட்டு, கர்ப்பமானதுலேர்ந்து டாக்டர் சொல்றபடி நடந்தா, குழந்தைக்கு வராமப் பாத்துக்க முடியும். அப்படி நல்லபடியாப் பொறந்த குழந்தைங்களை நான் கையில வாங்கியிருக்கேன்."

எனக்குப் பின்னால் மணலில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"வேற கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன், சுவரைப் பார்த்தபடியே.